நாற்பத்தெட்டுப் பேணிகள்

வடிவம்மாவின் பரம எதிரி எறும்பு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கிடுகுக் கொட்டகைக்குள் ஆஸ்பத்திரி நடத்திப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஷெல்லுக்கும் குண்டு போடுகிற கிபிர் விமானத்துக்குமாவது பங்கர் இருந்தது. எறும்புக்கு என்ன இருந்தது? குளுக்கோஸ் ஒரு துளி சிந்தினால் போதும், எங்கிருந்துதான் வருமோ, வரிசை கட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் நினைவில்லாமல் கிடந்த ஒரு மனிதரின் காயக் கட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்த மனிதருக்குக் கையைத் தூக்கித் தட்டிவிடக்கூட வழியில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்த வடிவம்மா அன்று சோறு தின்னவில்லை.

அந்த ஆஸ்பத்திரி தொண்ணூற்றேழாம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்து, உடையார்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒதுங்கியது. இருபத்துநான்கு கட்டில், ஒரு டொக்டர், ஒரு நேர்ஸ், இரத்தம் சோதிக்க ஒருவர், மருந்து கலக்க ஒருவர், தொண்டுக்கு வந்த மூன்று பெண் பிள்ளைகள், வேலைக்கு மூன்று அற்றென்டன்மார். அந்த மூன்று பேரில் மூத்தவள் வடிவம்மா. வயது நாற்பத்தாறு. எல்லோருக்கும் வடிவக்கா.

எறும்புக்கு அவள் கண்டுபிடித்த மருந்து பேணி. நிவாரணத்தில் வந்த, மீன் அடைத்த தகரப் பேணிகளைச் சாம்பல் போட்டு மினுக்கி, மருந்து அலுமாரியின் நாலு காலையும் நாலு பேணிக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றினாள். மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் முறை. ஆனால் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயை யார் கண்டது? விளக்குக்கே சொட்டுச் சொட்டாய் எண்ணி விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரே போதும் என்றாள். போதுமாகத்தான் இருந்தது. எறும்பு கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பிறகு விடுவாளா? ஊசி போடும் மேசைக்கு நாலு, சாப்பாட்டு அலுமாரிக்கு நாலு, எழும்ப முடியாத நோயாளிகளின் ஒன்பது கட்டிலுக்கும் முப்பத்தாறு. ஆக நாற்பத்தெட்டுப் பேணி. காலையில் வாட்டைக் கூட்டி முடித்ததும் கிணற்றுத் தண்ணீர் வாளியோடு வந்து, ஒவ்வொன்றிலும் விழுந்த தூசியை விரலால் வழித்தெறிந்து, குறைந்த தண்ணீரை நிரப்புவாள். பேணியை வெளியே எடுப்பதில்லை. எடுப்பதென்றால் கண்ணாடிப் போத்தல்களோடு அலுமாரியைத் தூக்கவேண்டும், கிடக்கிற நோயாளியோடு கட்டிலைத் தூக்கவேண்டும். அது ஆகிற காரியமா? மேலிடத்திலிருந்து பார்க்க வந்த பெரிய டொக்டர் ஒருவர் குனிந்து பார்த்து, "ஆர் இந்த வேலை பாத்தது? அருமையான யோசனை" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க வடிவம்மாவின் கால் நிலத்தில் நிற்கவில்லை. சக வேலையாட்களும் தங்கள் தங்கள் வீட்டுக் குசினியில் சாப்பாட்டு அலுமாரிக்குப் பேணி வைத்தார்கள்.

வடிவம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் வீடெரிந்து, கையில் கிடைத்ததோடு வன்னிக்கு வந்த சனத்தில் அவளும் புருஷன் பழனியாண்டியும் மகள் தர்மிளாவும் இருந்தார்கள். காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, கிணறு கட்டிக் காலூன்றினார்கள். இருபது வருஷத்தில் அவளுடைய பேச்சு வன்னிப் பேச்சாகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் தோட்டத்துப் பேச்சு தானாக வெளியே வரும். அதனால் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. "வாறன், போறன்" என்று கதைத்துக்கொண்டிருந்தவள் "வர்றேன், போறேன்" என்று தொடங்கினால் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ளலாம்.

தொண்ணூற்றொன்றில் பழனியாண்டிக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி மூடிக்கிடந்தது. ஆட்கள் இல்லையாம். அவரை உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, மாங்குளம் போகிற வழியில் பதினெட்டுக் கட்டை, பதினெட்டு மைல், கொண்டுபோனார்கள். பன்னிரண்டாவது கட்டையில் வடிவம்மாவின் மடியிலேயே மூச்சு நின்றது. மீதி ஆறு கட்டையும் அவள் அழவில்லை. ஒரு வாட்டு திறந்திருந்தால் இந்த மனிதன் இருந்திருப்பான் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள். செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்த கையோடு அற்றென்டன் வேலைக்கு வந்தவள்தான். ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்தபோதெல்லாம் தானும் கூடவே இடம்பெயர்ந்தாள்.

தொண்ணூற்றெட்டு மாரி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த கார்த்திகையில், கொழும்புக்குப் போய் வந்த வியாபாரி ஒருவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். மருந்து அலுமாரிக்குப் பக்கத்துக் கட்டில். வழக்கம்போல மலேரியா என்று நினைத்தார்கள். வன்னியில் காய்ச்சல் என்றால் வேறென்ன? இரத்தம் பார்க்கிற நடராசா கண்ணாடித் துண்டை இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மலேரியாப் பூச்சியைக் காணேல்லை" என்றார். பகல் முழுக்க அந்த வியாபாரியின் நுளம்பு வலை சுருட்டித் தலைமாட்டில் கட்டியிருந்தது. எல்லோருடைய வலையும் அப்படித்தான். வலை இரவுக்கென்றுதான் அத்தனை வருஷமும் மலேரியா ஒழிப்புக்காரர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாறு நாளில் அவர் தேறி, வாட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று கிழமை கழித்து சிவனேஸ்வரி விழுந்தாள். அவளும் அற்றென்டன்தான், வடிவம்மாவோடு ஒரே நேர வேலை. எலும்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல இருக்குதென்று அழுதாள். அவளுக்குப் பின்னால் மருந்து கலக்கிறவர். அடுத்து தொண்டுக்கு வந்த இரண்டு பிள்ளைகள். மலேரியா மாத்திரை கொடுத்தும் ஒருவருக்கும் கேட்கவில்லை. நடராசா ஒவ்வொரு முறையும் "பூச்சி இல்லை" என்றார்.

டொக்டர் தில்லைநாதன் அதிகம் பேசாத மனிதர். ஒரு காலை இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டியைக் காய்ச்சலில் கிடந்த ஒரு தொண்டுப் பிள்ளையின் கையில் கட்டி, காற்றடித்து, ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். அவிழ்த்தபோது முழங்கை மடிப்புக்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பொரிந்து கிடந்தன. அவர் முகம் இருண்டது.

"இது டெங்கு" என்றார். "ஒருத்தருக்கும் அஸ்பிரின் குடுக்காதேங்கோ. இரத்தம் போகும். பனடோலும் நீராகாரமும்தான்."

"எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா? ஊருக்குள்ள ஒருத்தருக்கும் இல்லையே" என்று கேட்டாள் வடிவம்மா.

"இது ஆளில இருந்து ஆளுக்குத் தொட்டு ஒட்டுற காய்ச்சல் இல்லை. நுளம்புதான் கொண்டுபோகும். பகலில கடிக்கிற நுளம்பு. வருத்தக்காரனைக் கடிச்சிட்டு, பக்கத்தில நிக்கிற எங்களைக் கடிக்குது. எங்கயோ கிட்டத்திலதான் பெருகுது. எங்க எண்டுதான் தெரியேல்லை."

அவர் சொன்னதை யார் நம்பினார்கள்? வருத்தக்காரரைத் தொட்டவர்கள் எல்லாம் விழுகிறார்கள், தொடாதவர்கள் நன்றாக இருக்கிறார்கள். கண்முன்னே தெரிகிற கணக்கு இது. தேறிய பிறகும் சிவனேஸ்வரியோ விழுந்த மற்றவர்களோ வேலைக்குத் திரும்பவில்லை. மற்ற அற்றென்டன், "எனக்குப் பிள்ளையள் இருக்கு" என்று அழுதுகொண்டே போனாள். மூன்றாவது தொண்டுப் பிள்ளையைத் தகப்பன் வந்து கூட்டிப்போனார். மிஞ்சி நின்ற நேர்ஸ் பத்மாசனி மிசி இரண்டு பேர் வேலையைத் தனியாகச் செய்தாள். அலுமாரிக்கும் ஊசி மேசைக்கும் நடுவே நின்றபடியே மாத்திரை எண்ணி, ஊசி போட்டு, நின்றபடியே தேத்தண்ணி குடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

திங்கட்கிழமை டொக்டர் வடிவம்மாவையும் நடராசாவையும் கூப்பிட்டார்.

"மேலிடத்தில கதைச்சிட்டன். ஆக்கள் இல்லாமல் நடத்தேலாது. வெள்ளிக்கிழமை உழவு இயந்திரம் வரும். பத்தொன்பது பேரையும் ஏத்தி அங்கால இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு மூடச் சொல்லியாச்சு."

"எத்தினை கட்டை ஐயா?"

"இருபது இருக்கும்."

வடிவம்மா கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் தெற்குப் பக்கம் பிரசவத்துக்கு நாள் குறித்த மூன்று பெண்கள் படுத்திருந்தார்கள். நினைவு மங்கிய ஒரு கிழவர், கால் எடுத்த ஒரு பெடியன். இப்போது பத்மாசனி மிசியும்.

"எத்தினை பேர் இருந்தா மூடமாட்டீங்க?"

"உங்கள் ரெண்டு பேரோட இன்னும் ரெண்டு பேராவது வேணும் வடிவம்மா. ஆக்களுக்கு எங்க போறது?"

"நான் பாக்குறேன்" என்றாள் அவள். தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டதைக் கேட்டு நடராசா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாளே மகள் தர்மிளா ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து நின்றாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அம்மா, போதும். வீட்ட வாங்கோ. அப்பாவும் இல்லை, நீங்களும் போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

"உங்கப்பன் எப்படிச் செத்தார்னு மறந்துட்டியா?"

தர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த இளநீர்க் குலையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வடிவம்மா அதில் ஒன்றைச் சீவி மிசிக்குக் கொடுத்தாள். அழுகையை ஒதுக்கி வைத்துவிட்டு நுளம்பைத் தேடப் புறப்பட்டாள்.

தேடினாள் என்றால் சும்மா தேடவில்லை. பங்கருக்குள் நின்ற மழைத்தண்ணீரை வாளி வாளியாய் இறைத்தாள். உள்ளே தவளைதான் இருந்தது. கிணற்றடியில் தேங்கியதை மண் போட்டு மூடினாள். சிரட்டை, உடைந்த பானை, ஆலமரப் பொந்து வரை கையை விட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரரின் வலைகளைப் பட்டப்பகலில் இறக்கிக் கட்டினாள். வெக்கை தாங்காமல் அவர்கள் முணுமுணுத்தால் ஒரு முறை முறைத்தாள். மேசையடியில் நிற்கும்போது காலில் சுரீர் சுரீரென்று கடித்துக்கொண்டேதான் இருந்தது. அடித்துப் பார்த்தால் கறுப்பு நுளம்பு, காலில் வெள்ளை வெள்ளை வளையம். அவளையும் அது கடிக்காமல் இல்லை. அவளுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வரவில்லை என்று டொக்டருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை பத்மாசனிக்குக் காய்ச்சல் விட்டது. "அப்பாடா!" என்றாள் வடிவம்மா. டொக்டர் தலையை ஆட்டினார்.

"சந்தோசப்படாதேங்கோ. காய்ச்சல் விடேக்கைதான் பயம். ரெண்டு நாள் கண்ணுக்கை எண்ணெய் விட்டுக்கொண்டு பாக்கவேணும்."

அன்று பின்னேரம் மூன்று மணி. மிசிக்குக் கஞ்சி எடுக்க வந்தபோது கரண்டி கை தவறி மருந்து அலுமாரிக்கு அடியில் போய் விழுந்தது. வடிவம்மா நிலத்தில் படுத்துக் கையை விட்டாள். கிடுகு ஓட்டையால் விழுந்த வெயில் ஒரு பேணிக்குள் நேராக இறங்கியிருந்தது. அவள் காலையில் நிரப்பிய தண்ணீர், கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். அதற்குள் பத்துப் பதினைந்து வால்புழுக்கள் துள்ளித் துள்ளி மேலே வந்து, துள்ளித் துள்ளிக் கீழே போய்க்கொண்டிருந்தன.

கரண்டியை மறந்துவிட்டாள். அடுத்த பேணி. அதிலும் அதே. ஊசி மேசை. சாப்பாட்டு அலுமாரி. கட்டில் கட்டிலாக முழங்காலில் தவழ்ந்து பார்த்தாள். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்றில் இருந்தது. அவளுடைய கையாலேயே மினுக்கி, அவளுடைய கையாலேயே நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிய பேணிகள். ஐயோ, வளர்த்தவளே நான்தானா! வெட்கம் உச்சந்தலைவரை ஏறியது. எழும்பவும் மனமில்லாமல் அந்த நிலத்திலேயே இருந்தாள்.

சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம். இப்போதே ஊற்றிக் கழுவிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வடிவக்காவின் பேர் வடிவக்காவின் பேராகவே இருக்கும். ஒரு பேணியின் விளிம்பில் அவளுடைய விரல் போய்ப் படிந்தும்விட்டது. ஆனால் ஓடிப்போனவர்கள்? வருத்தக்காரரைத் தொட்டதால் வந்தது என்று அவர்கள் சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை உழவு இயந்திரம் வரும். அவர்களின் வீட்டுக் குசினிகளிலும் இவளைப் பார்த்து வைத்த பேணிகள் இருக்கின்றன.

ஒரு வெறும் சேலைன் போத்தலின் வாயை வெட்டி, பேணித் தண்ணீரைப் புழுக்களோடு ஊற்றி, பஞ்சுத்துணியால் வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு நேரே டொக்டரிடம் போனாள்.

"ஐயா, நீங்க தேடினது இந்தா இருக்கு. நான்தான் வளத்தேன். என்னோட பேணியில."

டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நானும் தினம் அந்தப் பேணியளுக்கு மேலாலதானே நடந்து திரிஞ்சனான்" என்றார். "எனக்கும் கண் இருந்தது."

அந்தப் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ஆறுதலுக்கு நேரமும் இல்லை. நடராசாவும் டொக்டரும் கட்டில்களைத் தூக்கிப் பிடிக்க, அவள் பேணிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெயிலில் கவிழ்த்தாள். ஆணியும் சுத்தியலும் எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று ஓட்டை போட்டாள். தேய்த்துக் கழுவி, மறுபடி காலுக்கு வைத்து, இந்த முறை தண்ணீருக்குப் பதிலாக அடுப்புச் சாம்பலை நிரப்பினாள். நாற்பத்தெட்டு முடியும்போது உள்ளங்கை பொக்களித்திருந்தது. போத்தலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை போத்தலுக்குள் இரண்டு நுளம்பு பறந்துகொண்டிருந்தது. காலில் வெள்ளை வளையம். அதைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு முதலில் சிவனேஸ்வரியின் வீட்டுக்குப் போனாள்.

சிவனேஸ்வரி இன்னும் மெலிந்துதான் இருந்தாள். தலைமயிர் கொத்தாய்க் கொட்டியிருந்தது. காய்ச்சல் காலத்தில் அயலட்டைச் சனம் அவளுக்குத் தண்ணீர் அள்ளவும் விடவில்லை. பெற்ற பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே கிடந்திருக்கிறாள்.

"வேலைக்குக் கூப்பிட வந்தனீங்களெண்டா வந்த வழியே போங்கோ வடிவக்கா."

"கூப்பிடத்தான் வந்தனான். அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். நீ ஒருத்தரையும் தொட்டதால உனக்கு வரேல்லை. இதுதான் உன்னைக் கடிச்சது." போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "அலுமாரிக்குக் கீழ நான் வைச்ச பேணியிலதான் இது பெருகினது."

சிவனேஸ்வரி போத்தலைப் பார்த்தாள். வடிவம்மாவைப் பார்த்தாள்.

"உங்கட பேணியாலயோ நான் இப்பிடிக் கிடந்தனான்?"

"ஓம்."

"என்ர பிள்ளையைப் பதினாறு நாள் நான் தூக்கேல்லை. தெரியுமோ?"

"தெரியும். ஏசு பிள்ளை. ஏசி முடி. அடிக்கவேணும்போல இருந்தா அடி. ஆனா நாளைக்கு உழவு இயந்திரம் வருது. அந்த மூண்டு பிள்ளைத்தாச்சியளும் இருபது கட்டை அதில போகேலாது. ஒருத்தி வழியில செத்தாலும் அது என்ர பேணியாலதான். என்ர பிழைக்கு அவளவை சாகக்கூடாது."

சிவனேஸ்வரி ஏசவில்லை. அதுதான் வடிவம்மாவுக்குப் பெரிய வதையாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். சற்று நேரத்தில் அங்கே தகரம் உருளுகிற சத்தம் கேட்டது. நாலு பேணியையும் முற்றத்தில் கொண்டுவந்து எறிந்தாள். ஈர மண்ணில் புழு நெளிந்தது.

"வாறன்" என்றாள். "ஆனா உங்களோட கதைக்கமாட்டன்."

"கதைக்காதை. வந்தாக் காணும்."

அதற்குப் பிறகு வடிவம்மா மற்ற வீடுகளுக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் போத்தலைத் தூக்கிக் காட்டி, "என்ர பேணியில வளந்தது" என்று முதலிலேயே சொன்னாள். ஒரு தாய் படலையைச் சாத்தினாள். பிள்ளையைக் கூட்டிப்போன தகப்பன் போத்தலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, பகலில கால் மூடக் கால்மேசு போட்டு அனுப்புறன்" என்றார். நாலு பேர் கணக்குச் சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. வடிவம்மா வாசலில் நின்று அந்த வைக்கோலைப் பார்த்தாள்.

"எத்தினை பேர் அம்மா?" என்றான் சாரதி.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. வாட்டு திறந்திருக்கு. திருப்பிக்கொண்டு போங்க."

சாரதி டொக்டரைப் பார்த்தான். டொக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். சிவனேஸ்வரி கூட்டிக்கொண்டிருந்தாள். தொண்டுப் பிள்ளை முழங்கால்வரை கால்மேசு போட்டு வலை கட்டிக்கொண்டிருந்தாள். பத்மாசனி மிசி தலையணையில் சாய்ந்திருந்து தானாகவே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அழுத்தம் பார்த்தபோது சரியாக இருந்தது. டொக்டர் சாரதியிடம் கையை அசைத்தார். பெட்டி வெறுமையாகக் கடகடத்துக்கொண்டு போய், வளைவில் மறைந்தது. வடிவம்மா அப்போதுதான் அழுதாள். ஏழு வருஷத்துக்கு முந்தியதையும் சேர்த்து அழுதாள்.

சிவனேஸ்வரி சொன்னதைச் செய்கிறவள். ஒரே கொட்டகைக்குள், ஒரே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பதினொரு நாள் வடிவம்மாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குள் மூன்று பிள்ளைத்தாச்சிகளில் இரண்டு பேருக்கு அங்கேயே பிள்ளை பிறந்தது. வேலையாட்களில் புதிதாக ஒருவரும் விழவில்லை. தான் கேட்டுத்தான் ஆகவேண்டிய மௌனம் என்று வடிவம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாம்பல், தண்ணீரைப் போல வேலை செய்யாது. காற்றடித்தால் பறந்துவிடும், எறும்பு பாலம் போட்டுக்கொண்டு ஏறும். நாளுக்கு மூன்று தடவை நாற்பத்தெட்டுப் பேணிக்கும் அவள் முழங்காலில் தவழ்ந்து போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை வாளியும் சாம்பலுமாக வந்தபோது, சிவனேஸ்வரி நினைவு மங்கிய கிழவரின் கட்டிலடியில் குந்தியிருந்தாள்.

"வடிவக்கா, இஞ்சை எறும்பு ஏறுது" என்றாள். "சாம்பலைத் தாங்கோ. இந்தப் பக்கத்தை நான் பாக்கிறன்."